கப்பற்பெயர் பூண்ட கவிஞர்

திருகோணமலைத் துறைமுகத்திற் கப்பல்களின் பெயர்களை வாசிக்குந்தோறும் எனக்குப் பிலிஸ் வீட்லியின் நினைவு எழும். பிலிஸ் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. 1761இல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அவரை அமெரிக்காவுக்குக் கொணர்ந்த அடிமைக் கப்பலின் பெயர். அப்போது வயது ஏழெட்டே. பொஸ்டன் நகரத்து வீட்லி குடும்பத்தார் விலைக்கு வாங்கினர், எழுத்தும் கற்பித்தனர்.

அங்கே அச்சிட ஆதரவு கிட்டாமையால் அவர்தம் கவிதைநூல் 1773இல் இலண்டனில் வெளிவந்தது. பாடியவர் அவரே என்பதற்குப் பெரியோர் 18 பேர் சான்றொப்பம் இடவேண்டியிருந்தது! நம்மவர் அரங்கேற்றத்தில் நூலை ஆராய்வர். அங்கே பிறப்பையன்றோ ஆராய்ந்தனர்?

குடியேற்றநாட்டு அமைச்சர் டார்ட்மத் பிரபுவை நோக்கிப் பாடியதே என் நெஞ்சை உருக்குவது. மகவைப் பறித்தவனின் வன்னெஞ்சையும் தந்தையின் துயரையும் நினைந்து, விடுதலை வேட்கை தமக்கு எங்ஙனம் பிறந்ததெனக் கூறுகிறார்.

நூல் வந்தபின்பே அவருக்கு விடுதலை. இரண்டாம் நூலுக்கு ஆதரிப்பார் இலர். 1784இல் வறுமையில் மறைந்தார். அதன் கையெழுத்துப்படி இன்றளவும் கிடைத்திலது.