கைத்தடியும் கொடியும்

அடிமைகளாய்ப் பிறந்த பெற்றோரின் மகள். 1863-ல் மெம்பிஸ் நகரில் பிறந்து, 1884-ல் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்ற மாதரசி. மேரி சர்ச் டெரல் அம்மையாரைத்தான் சொல்கிறோம், தோழர்களே!

பட்டத்தைவிட நம் கண்முன் நிற்பது ஓர் ஊர்வலம். 1913 ஜனவரி, வாஷிங்டனில், கறுப்பருக்கென எழுந்த ஹோவர்டு பல்கலைக்கழகம். அங்கே 22 மாணவிகள் கூடி, டெல்டா சிக்மா தீட்டா எனும் சகோதரியர் சங்கம் கண்டனர். விருந்துக்கும் வேடிக்கைக்குமா? இல்லை! மார்ச் 3-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தலைநகரிலே மாபெரும் ஊர்வலம். அதுவே சங்கத்தின் முதல் பொதுப்பணி.

கறுப்புப் பெண்கள் தனியே, கடைசியில் வரட்டும் என்றனர் வெள்ளை மாதர் சிலர். உரிமை கேட்கப் போகும் வழியிலுமா நிறம்! மாணவிகள் வீடு திரும்பவில்லை. சங்கக் கொடியுடன் நடந்தனர். ஐம்பதை நெருங்கிய அம்மையாரும் உடன் நடந்தார். தெருவோரக் கும்பல் ஊர்வலத்தை ஏசியது, இடித்தது. சங்கத்தின் உறுதிமொழியை எழுதித் தந்தவரும் அவரே.

1950. அதே வாஷிங்டனில் ஓர் உணவு விடுதி, கறுப்பர் என்பதால் அவருக்குச் சோறு மறுத்தது. வயது 86! வழக்குத் தொடுக்க வைத்தார். கைத்தடி ஊன்றி மறியலில் நின்றார். மறுப்பது குற்றம் என்ற சட்டம் 1873-லேயே இருந்தது, உறங்கிக் கிடந்தது. அது இன்னும் செல்லும் என்று 1953 ஜூன் 8-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில நாளில் அம்மையார் அதே விடுதிக்குப் போய் அமர்ந்தார். உணவு வந்தது.