காற்றை முதலில் நிறுத்திய தோட்டக்காரர்

புதிதாக நிலம் வாங்கினால், முதல் மழையிலேயே பலன் தரும் கன்றுகளை நட்டுவிட வேண்டும் என்று கை பரபரக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் அப்படித்தான். ஆனால் 20 வயதில் நிலம் கிடைத்தும் அந்தப் பரபரப்பை அடக்கியவர் ஆஸ்குட் மெக்கன்சி.

ஸ்காட்லாந்தின் கெயர்லாக் பகுதி நிலப்பிரபுவின் மூன்றாவது மகனாக 1842-இல் பிறந்தார். மறு ஆண்டே தந்தை இறந்தார். குடும்ப எஸ்டேட் மூத்தவருக்குப் போனது. 1862-இல் தாய், இன்வெரியூ என்ற நிலத்தை இவருக்காக வாங்கினார். கடலுக்குள் நீண்ட பாறை மேடு அது. கரம்பை மண்கூட இல்லை. பாறைமேல் புளித்த கருப்புக் கரிமண்தான். மரம் என்று சொல்ல இடுப்பளவு காட்டு வில்லோ புதர்தான் இருந்ததாம்.

அந்த இடம் மாஸ்கோவைவிட வடக்கே இருக்கிறது. ஆனாலும் அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுச் செல்வதால், கடும் உறைபனி அரிது. மழைக்கும் குறைவில்லை. அப்படியென்றால் ஏன் எதுவும் வளரவில்லை? உப்பைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று. இலைமேல் படியும் உப்பு இலையைக் கருக்கும். ஓயாத காற்று ஈரத்தை உறிஞ்சும். வேர் பிடிக்கும் முன்பே கன்று ஆட்டம் கண்டுவிடும். கடலோரத்தில் வாழை போட்டவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மெக்கன்சி முதலில் மானும் முயலும் நுழையாதபடி வேலி போட்டார். பிறகு ஸ்காட்ஸ் பைன், கார்சிகன் பைன் மரங்களை அடர்த்தியாக நட்டார். குழிகளுக்கு மண்ணைக் கூடையில் சுமந்து கொண்டுவந்தார்கள். (கூலி கொடுக்க அவரிடம் வசதி இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.) முதல் நான்கைந்து ஆண்டுகள் கன்றுகள் ஏறவே இல்லை. பார்த்தவர்கள் வீண்செலவு என்று நினைத்திருப்பார்கள்.

மரத்தடுப்பு சுவர் மாதிரி அல்ல. சுவரில் மோதும் காற்று மேலேறி மறுபுறம் சுழன்று விழும். மரவரிசையோ காற்றைச் சல்லடைபோல் கொஞ்சம் உள்ளே விட்டு வேகத்தை மட்டும் குறைக்கும். மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம்வரை பின்னால் உள்ள பயிருக்குப் பாதுகாப்பு. மரம் உயர உயர, காக்கப்படும் நிலமும் நீளும். அதனால்தான் காத்திருப்பு.

ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்தே உள்ளே சில மரங்களை வெட்டிச் சிறு சிறு திட்டுகளாக இடம் திறந்தார். அங்கே ஆஸ்திரேலியாவின் தைல மரம், மரமாய் உயரும் பெரணி, இமயமலையின் ரோடோடெண்ட்ரான் எல்லாம் திறந்த வெளியிலேயே பிழைத்தன. இந்த ரோடோடெண்ட்ரானின் உறவுதான் நீலகிரியில் நாம் பார்க்கும் காட்டுப்பூவரசு.

ஒரு குறையும் உண்டு. தரையோடு வரும் காற்றைத் தடுக்க அவர் வைத்த பொன்டிகம் என்ற ரோடோடெண்ட்ரான் வகை, இன்று மேற்கு ஸ்காட்லாந்துக் காடுகளை மூடும் களையாகிவிட்டது. தடுப்புக்கு எந்த மரம் என்பதை நீங்கள் முடிவு செய்யும்போது, விதை எங்கெல்லாம் பரவும் என்றும் கேளுங்கள்.

1914-இல் அவருடைய வீடு தீயில் எரிந்தது, தோட்டம் நின்றது. 1922-இல் அவர் மறைந்தார். மகள் மைரி 30 ஆண்டுகள் அதைப் பராமரித்து, 1952-இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்.