வீட்டு வாசலில் எழுதிய நன்றி



பரிசளிப்பு விழா என்றாலே நம் பள்ளியில் கொண்டாட்டம்தான். ஒலிபெருக்கியில் உங்கள் பேரைக் கூப்பிடுவார்கள். மேடை ஏறிப் போவீர்கள். கோப்பையோ புத்தகமோ, கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வருவீர்கள். படமும் எடுத்தாயிற்று. வாயால் நன்றியும் சொல்லியாயிற்று. சரி, அதோடு நன்றி முடிந்துவிட்டதா? இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நம் வள்ளுவர் பெருமான் செய்ந்நன்றி அறிதல் என்று திருக்குறளில் 11-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்தப் பத்துக் குறளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பிள்ளைகளும் உங்களில் இருப்பீர்கள். ஒப்பிப்பது சுலபம். நாள்தோறும் அதன்படி நடப்பதுதான் கஷ்டம். அப்படி நடந்து காட்டிய ஒரு பெரியவரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அவர் பேர் உங்களுக்குத் தெரிந்ததுதான். தமிழ்த் தாத்தா என்று நாம் அன்போடு அழைக்கும் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர். கறையான் அரித்த ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார், சங்க நூல்களை அச்சில் ஏற்றினார் என்பதைப் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். அதே மனிதர் யார் யாருக்கு நன்றி சொன்னார், எப்படிச் சொன்னார் என்பது பலருக்குத் தெரியாத கதை.

ஊர் ஊராய்ப் போன பிள்ளை

சாமிநாத ஐயர் பிறந்தது 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள். சொந்த ஊர் பழைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த உத்தமதானபுரம் என்ற சிற்றூர். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஊர் ஊராகப் போய் இராமாயணக் கதை சொல்லித்தான் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை. இன்று அரியலூர், நாளைக்கு குன்னம் என்று மூட்டை முடிச்சோடு குடும்பம் நகர்ந்துகொண்டே இருந்தது. இப்படி இருந்தால் பிள்ளை எங்கே ஒழுங்காய்ப் படிப்பது?

ஆனால் பிள்ளைக்குத் தமிழ் என்றால் உயிர். போன ஊரிலெல்லாம் தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்தால் போதும், அவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிடும். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். இவர்கள் யாரும் பெரிய கல்லூரிப் பேராசிரியர்கள் இல்லை. தங்களுக்குத் தெரிந்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கொடுத்தவர்கள்.

இந்தப் பேரெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஐயர் தம் 85-ஆம் வயதை நெருங்கும்போது, 1940-ஆம் ஆண்டில், ஆனந்த விகடன் பத்திரிகையில் 'என் சரித்திரம்' என்று தம் வாழ்க்கைக் கதையை எழுதத் தொடங்கினார். அதில் இவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, ஊர் சொல்லி, கற்றுக் கொடுத்தது இன்னதென்று சொல்லி எழுதினார். அப்போது அவர் மகாமகோபாத்தியாயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றவர். எல்லாம் என் திறமை என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை.

ஆசிரியர் கொடுத்த வாழ்வு

1871-ஆம் ஆண்டு. தகப்பனார் மகனை மாயூரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கேதான் அக்காலத்தில் பெரும் புலவர் என்று பேர் பெற்ற திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்தார். பிள்ளைகள் வருகிறார்கள், கொஞ்சம் படிக்கிறார்கள், பாதியிலேயே போய்விடுகிறார்கள் என்று அந்தப் பெரியவருக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆகவே முதலில் தயங்கினார். நம்ம பையனோ ஒட்டிக்கொண்டவன் விடவே இல்லை.

ஒரு காசு கூலி வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் பிள்ளையவர்கள். கையில் காசு வந்தால் தங்காது. வறுமை அவரை விட்டுப் போனதும் இல்லை. ஆனால் தமிழைக் கேட்டு வந்தவரை மட்டும் இல்லையென்று திருப்பியதில்லை. அவரிடம் படித்தவர்களில் கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும் உண்டு, நாகூர் குலாம் காதிறு நாவலரும் உண்டு. அவரோ சைவ வேளாளர். சாமிநாதனோ ஐயர் வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்துச் சாதி ஆசாரத்தில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஆனால் பாடம் என்று உட்கார்ந்துவிட்டால் அவர்கள் தகப்பனும் மகனும் மாதிரிதான்.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் காலமானார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்து திருவாசகம் படித்தது அந்த மாணவன்தான். அப்போது அவனுக்கு 21 வயதுகூட நிறையவில்லை.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. ஆசிரியர் போய்விட்டார். அவரால் இனி ஒரு லாபமும் கிடையாது. காலம் ஓடுகிறது. மாணவன் பேரும் புகழும் பெறுகிறான், தலை நரைக்கிறது. ஆசிரியரைப் பற்றித் தெரிந்தவர்களைக் கண்டால் விடாமல் கேட்டுக் கேட்டுக் குறித்து வைக்கிறான். அவர் பாடிவிட்டுப் போன தனிப்பாடல்களைச் சேர்த்து வைக்கிறான். 1933-ஆம் ஆண்டு ஆசிரியரின் சரித்திரம் முதல் பாகம் அச்சாகிறது. 1934-இல் இரண்டாம் பாகம். ஆசிரியர் இறந்து 57 ஆண்டுகளுக்குப் பிறகு, 78 வயதுக் கிழவராக இருந்துகொண்டு, மாணவர் செலுத்திய நன்றி அது! மகாவித்துவான் எப்படி இருந்தார், எப்படிப் பாடம் சொன்னார், எப்படிக் கஷ்டப்பட்டார் என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த மாணவரின் மறவாத மனசுதான்.

வாசலில் நின்ற பேர்

ஆசிரியர் மறைந்த பிறகு சாமிநாத ஐயரைத் தாங்கிக்கொண்டவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். மடத்திலேயே தங்கவைத்து, தாமும் பாடம் சொல்லி, மற்றவர்களுக்குப் பாடம் சொல்லவும் வைத்தார்.

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் அப்போது தமிழாசிரியராக இருந்தவர் தியாகராச செட்டியார். இவரும் மகாவித்துவானின் மாணவர், ஐயருக்கு மூத்தவர். வேலையை விட்டு ஓய்வு பெறும் சமயம். அந்த இடத்துக்கு எத்தனையோ பேர் ஆசைப்பட்டிருப்பார்கள். செட்டியாரோ நேரே மடத்துக்கு வந்து, இந்தப் பையனைத்தான் கொடுக்க வேண்டும் என்று தேசிகரிடம் கேட்டார். தேசிகருக்குப் பிரிய மனமில்லை. ஆனாலும் பிள்ளை நன்றாயிருக்கட்டும் என்று விட்டுக் கொடுத்தார். 1880 பிப்ரவரியில் ஐயர் கல்லூரி வேலையில் சேர்ந்தார். நாடோடியாய் அலைந்த குடும்பத்துக்கு அன்றுதான் நிலையான சோறு கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

1903-ஆம் ஆண்டு ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். சில காலம் கழித்துத் திருவல்லிக்கேணிப் பக்கத்தில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டையே சொந்தமாக வாங்கினார். வீடு வாங்கினால் நாம் என்ன பேர் வைப்போம்? குலதெய்வத்தின் பேர், அப்பா அம்மா பேர், இல்லாவிட்டால் பிள்ளைகள் பேர். ஐயர் வைத்த பேர் 'தியாகராச விலாசம்'. தமக்கு வேலை வாங்கிக் கொடுத்த செட்டியாரின் பேர்! செட்டியார் 1888-ஆம் ஆண்டே காலமாகிவிட்டார். அவர் வந்து பார்க்கப் போவதில்லை, பாராட்டப் போவதுமில்லை. ஆனாலும் காலையில் வெளியே போகும்போதும் மாலையில் வீடு திரும்பும்போதும் அந்தப் பேர் கண்ணில் படும். யாரால் வந்த சோறு இது என்பது ஒருநாளும் மறக்காது. அன்றாட வாழ்க்கையில் நன்றி என்றால் இதுதான், பார்த்தீர்களா?

குறை சொன்னவருக்கும் நன்றி

உதவி செய்தவருக்கு நன்றி சொல்வதாவது நடக்கும். நம்முடைய குறையைச் சுட்டிக் காட்டியவருக்கு?

1880 அக்டோபர் 21-ஆம் நாள் ஐயர் கும்பகோணத்தில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் விசாரித்தார். இவரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று வரிசையாக அடுக்கினார். முதலியார் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. இதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்பதுபோலப் பேசிவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு கல்லூரித் தமிழாசிரியரைப் பார்த்து, நீர் படித்தது போதாது என்றால் ரோஷம் வராதா? ஐயருக்கும் மனசு சுருக்கென்றுதான் இருந்திருக்கும். ஆனால் கோபித்துக்கொண்டு வந்துவிடவில்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு போய் இராப்பகலாய்ப் படித்தார். புரியாத சமண சமயக் கொள்கைகளைக் கும்பகோணத்திலிருந்த ஜைன அன்பர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. அடுத்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. ஒரு மனிதர் முகத்துக்கு நேரே சொன்ன குறையிலிருந்து விளைந்த விளைச்சல் இவ்வளவு! அந்தச் சந்திப்பைத் தம் வாழ்க்கையின் திருப்பம் என்றே ஐயர் கடைசிவரை போற்றினார்.

அவர் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளைப் புரட்டிப் பாருங்கள். ஏடு கொடுத்தவர் யார், பொருள் உதவி செய்தவர் யார், சந்தேகம் தீர்த்தவர் யார் என்று பேர் பேராக இருக்கும். மணிமேகலையில் வரும் பௌத்த சமயக் கருத்துகளை விளக்கிச் சொன்னவர் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார். அவரும் மறக்கப்படவில்லை. சைவர், வைணவர், சமணர், கிறிஸ்தவர் என்று அவருடைய நன்றிக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை.

நாம் என்ன செய்கிறோம்?

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் தமிழ்த் தாத்தா காலமானார். அடுத்த ஆண்டே அவர் பேரில் ஒரு நூல்நிலையம் அமைந்தது. அவர் சேர்த்த சுவடிகளும் நூல்களும் சென்னையில் அங்கே பத்திரமாக இருக்கின்றன. உத்தமதானபுரத்தில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக விளங்குகிறது. ஆனால் 'தியாகராச விலாசம்'? அந்த வீடு இன்று இல்லை. 2012-ஆம் ஆண்டில் அதை இடித்துவிட்டார்கள். செத்துப்போன ஒருவரின் பேரை அவர் வாசலில் வைத்துக் காப்பாற்றினார். அவருடைய வாசலை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. இதைச் சொல்லும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

செல்வங்களே, போன வீட்டை நாம் கட்ட முடியாது. ஆனால் அவர் வழியில் நடக்கலாம். அதற்குக் காசு பணம் வேண்டாம். இன்று பரிசு வாங்கியதும் வீட்டுக்குப் போய் ஒரு தாளை எடுங்கள். இந்தப் பரிசு உங்கள் கைக்கு வரக் காரணமானவர்களின் பேரையெல்லாம் எழுதுங்கள். விடியுமுன் எழுந்து சோறு கட்டிக் கொடுத்த அம்மா, ஓவர்டைம் செய்து புத்தகம் வாங்கிக் கொடுத்த அப்பா, முதலாம் ஆண்டில் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்த ஆசிரியை, மழையில் கொண்டு வந்து விட்ட பஸ்காரர், எல்லாரும் அதில் வரட்டும். உன் எழுத்து சரியில்லை, இன்னும் படி என்று கண்டித்தாரே, அந்த ஆசிரியரின் பேரையும் விட்டுவிடாதீர்கள். பிறகு ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, இன்ன காரியத்துக்காக நன்றி என்று சொல்லுங்கள். சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டவர்கள் இருந்தால், அவர்கள் உங்களுக்குச் செய்ததை நீங்கள் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ செய்யுங்கள்.

கோப்பை கறுத்துப் போகும், சான்றிதழ் பழுத்துப் போகும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் பெரிய ஆளாகி வீடு கட்டும்போது, வாசலுக்கு ஒரு நல்ல பேர் அதில் இருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!