மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்

அறிவு பெருகுதல் ஒன்று. பண்பு முதிர்தல் மற்றொன்று. முன்னையது நூல்களால் எய்தும். பின்னையதற்கு நூல்கள் துணையாகுமேயன்றி, அவை மாத்திரையே அமையா. இது கருதியே போலும், நன்னூலார் பொதுப்பாயிரத்துள் ஆசிரியனிலக்கணம் கூறுமிடத்து அவனது கல்வியை மட்டும் வினவாது, நிலத்தின் பொறையையும், மலையின் நிலைபேற்றையும், துலாக்கோலின் நடுநிலையையும், மலரின் மலர்ச்சியையும் அவன்பால் வேண்டினார். அங்ஙனமே, ஆசிரியராதற்கு உரியரல்லாதாரை விலக்குமிடத்துப் பருத்திக்குண்டிகை என்றோர் உவமையும் வைத்தார். சிறுவாய்க் குடுக்கையுட் பருத்தியை அடைத்தலும் அரிது. அடைத்ததனை மீள வாங்குதலும் அரிது. வருந்திக் கற்றதனைப் பிறர்க்கு எளிதில் ஈயமாட்டாதார்க்கு அஃது உவமையாயிற்று.

வருந்திக் கற்றார்க்கு இக்குற்றம் நேர்தல் உலகியல்பேயாம். தாம் பட்ட பாட்டினைப் பிறரும் பட்டே பெறுக என்னும் எண்ணம், கற்றார் நெஞ்சில் அவரறியாமலே புகுந்து விடும். அவ்வெண்ணம் புகாமைக் காத்து, பட்ட வருத்தமே அருளாய்க் கனியப் பெற்றார் ஒருவர் வாழ்வினை ஈண்டுச் சிந்திப்பாம். அவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்.

பிள்ளையவர்கள் 1815 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6 ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரிற் பிறந்தார்கள். தந்தையார் சிதம்பரம் பிள்ளை. தமிழ் கற்பிக்கும் தொழிலினர். தாயார் அன்னத்தாச்சியார். முதற்கல்வி தந்தையாரிடமே நிகழ்ந்தது. இளமையிலேயே அவரை இழந்தமையால், குடும்பச்சுமை ஒருபாலும் கல்வி வேட்கை மற்றொருபாலுமாகப் பிள்ளையவர்களை ஈர்த்தன. ஒரே ஆசிரியரிடம் ஓரிடத்து அமர்ந்து முறையாகக் கற்கும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்து, ஆங்காங்கிருந்த புலவர்களை நாடிச்சென்று, ஒருவரிடம் ஒரு நூலும், மற்றொருவரிடம் ஓர் ஐயமுமாகக் கேட்டுக் கேட்டே கல்வியை ஈட்டினார்கள். அச்சுநூல்கள் அருகியிருந்த காலமாதலின், வேண்டிய சுவடிகளை இரவல் பெற்று, ஏட்டிற் படியெடுத்தே படித்தல் வேண்டியிருந்தது. பின்னர்ச் சென்னைக்குச் சென்று, காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப் பெருமாளையர், திருவம்பலத்தின்னமுதம் பிள்ளை ஆகியோரிடத்தும் பாடங் கேட்டார்கள்.

அவர்கள் மாணாக்க நிலைமையை விளக்குதற்கு ஒரு செய்தியே அமையும். அணியிலக்கணமாகிய தண்டியலங்காரத்தைப் பாடஞ் சொல்வார் அரியராயிருந்தனர். அந்நூலில் வல்ல பரதேசியார் ஒருவர் திருச்சிராப்பள்ளியிற் பிச்சையேற்று உண்டு திரிந்தனர். அவர் தம் கல்வியாற் செருக்குடையவர். எளிதில் எவர்க்கும் சொல்லார். பிள்ளையவர்கள் அவரைத் தேடிப்பிடித்து, அவர் பிச்சைக்குச் செல்லும் தெருக்கடோறும் பின்சென்று, அவர் ஏவிய பணிகளை முகங்கோணாது செய்து, அவர் உவந்த வேளை பார்த்துச் சிறிது சிறிதாக அந்நூலைக் கேட்டு முடித்தார்கள். பரதேசியார் நன்னூலார் கூறிய பருத்திக்குண்டிகையே என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாலும் நீரும் கலந்தவிடத்துப் பாலையே கொள்ளும் அன்னம்போல, அவரிடத்து நூற்பொருளைக் கொண்டு செருக்கினை விடுத்த மாணாக்கரின் பெருமை, அவ்வாசிரியரின் கல்வியினும் பெரிதென்றே யாம் கருதுவேம்.

இனி, இம்மாணாக்கர் ஆசிரியரானபொழுது நிகழ்ந்தது யாது? தாம் தெருத்தெருவாய்ப் பின்சென்று பெற்றதனைத் தம்பால் வந்தார்க்கு வீட்டில் இருத்திச் சோறிட்டுக் கொடுத்தார்கள். பாடஞ் சொல்லுதற்குப் பொருள் கேட்டார்களல்லர். வறிய மாணாக்கர்க்கு உண்டியும் உறையுளும் தாமே அமைத்தார்கள். சைவ ஒழுக்கத்திற் சிறிதும் வழுவாதவர்களாயினும், கல்வி வேண்டிவந்தாரது சமயம் வினவி வாயிலை அடைத்தார்களல்லர். கிறித்துவராகிய சவேரிநாத பிள்ளை உடனுறைந்து பயின்ற மாணாக்கர். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் இசுலாமியர். மாயூரம் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையும் கிறித்துவரே. அவர்மேற் குளத்தூர்க் கோவை என்னும் நூலைப் பாடியதும் பிள்ளையவர்களே. இதுவன்றோ துலாக்கோலின் நடுநிலை!

1871 ஆம் ஆண்டு பிள்ளையவர்கள் மாயூரத்தில் இருந்தபொழுது, உத்தமதானபுரத்திலிருந்து இளைஞரொருவர் வந்து மாணாக்கராகச் சேர்ந்தனர். பின்னாளில் மகாமகோபாத்தியாயராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களே அவர். தொடக்கத்தில் அவர்க்குச் சவேரிநாத பிள்ளை பாடஞ் சொல்லி வந்தனர். ஆசிரியரிடமே நேரிற் கேட்டல் வேண்டுமென்னும் ஆவல் இளைஞர்க்கு இருந்தது, சொல்லுதற்கு அச்சம். பிள்ளையவர்கள் வைகறையில் எழுந்து வீட்டுத் தோட்டத்துட் சென்று, வைத்த செடிகளுள் எவையெவை தளிர்த்துள்ளன என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து மகிழ்வது வழக்கம். இளைஞர் அதனைக் கண்டு, தாம் முன்னரே சென்று புதுத்தளிர் தோன்றிய இடங்களை அறிந்துவைத்து, ஆசிரியர் வந்ததும் காட்டலாயினர். ஆசிரியர் உவந்தனர். அவ்வுவகையே வாயிலாக இளைஞர் தம் விருப்பத்தை வெளியிட, அவர்களும் இசைந்து தாமே பாடஞ் சொல்லத் தொடங்கினர்.

இரு காட்சிகளையும் ஒப்புநோக்குக. பரதேசியாரின் உவப்பினை எதிர்நோக்கி இளைய மீனாட்சிசுந்தரம் தெருவில் நின்றார்; பிள்ளையவர்களின் உவப்பினை எதிர்நோக்கி இளைய சாமிநாதர் தோட்டத்தில் நின்றார். அங்கே மாணாக்கன் சுமந்தது பணி. இங்கே மாணாக்கன் காட்டியது தளிர். செடியின் தளிரைக் கண்டு மகிழும் கண்ணே மாணாக்கனது அறிவின் தளிரையும் கண்டு மகிழ்ந்தது.

இருபதிற்கு மேற்பட்ட தலபுராணங்களும், சேக்கிழார் பிள்ளைத்தமிழ் முதலாய பிரபந்தங்கள் பலவும் பிள்ளையவர்கள் வாக்கிற் பிறந்தன. எழுதுவார் கை சளைக்குமளவு விரைந்து பாடல்களைச் சொல்லும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. திருவாவடுதுறையாதீனம் மகாவித்துவான் என்னும் பட்டத்தால் அவர்களைச் சிறப்பித்தது. இத்துணைச் சிறப்பெய்தியும், பிறர் பாட்டிற் குற்றங் கூறித் தம்மை உயர்த்திக்கொள்ளும் வழக்கம் அவர்கள்பால் இல்லை.

குறையே இலரோ எனின், ஒன்று கூறுவாருளர். வந்த பொருளை நிறுத்திவைக்க அறியாமையால் பிள்ளையவர்கள் கடன்பட்டு வருந்தினார்கள். இறுதிக் காலத்தும் அச்சுமை நீங்கவில்லை. இல்வாழ்வான் ஒருவற்கு இது குறையே என்பதை யாம் மறுக்கிலேம். அவர்தம் குடும்பத்தார் அதன் துன்பத்தை உணர்ந்திருப்பர். எனினும், அக்கடன் இன்பநுகர்ச்சியால் வந்ததன்று. பெரும்பாலும் பிறர் பசி தீர்த்தமையால் வந்தது. ஈகையின் பெருமையைப் போற்றுவார், அதன் விலையையும் உடனறிதல் நன்று.

1876 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் முதல் நாள், திருவாவடுதுறையில், மாணாக்கர் சூழ்ந்திருப்பவும், திருவாசகம் ஓதப்படுவதைக் கேட்டும் பிள்ளையவர்கள் சிவபதம் எய்தினார்கள்.

அவர்கள் வாழ்வு அத்துடன் முடிந்ததன்று. அவர்தம் மாணாக்கராகிய தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த ஆசிரியப் பதவி 1880 இல் சாமிநாதையர்க்குக் கிடைக்கச் செய்தனர். ஐயரவர்கள் 1887 இல் சீவகசிந்தாமணியையும், 1892 இல் சிலப்பதிகாரத்தையும், 1894 இல் புறநானூற்றையும் அச்சிட்டுத் தமிழுலகிற்கு அளித்தனர். 1933, 1934 ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியர் சரித்திரத்தை இரு பாகமாக எழுதி வெளியிட்டு நன்றிக்கடனும் ஆற்றினர். ஏட்டிற் கிடந்ததனை எல்லார்க்கும் எளிதாக்கிய அப்பணி, பிள்ளையவர்கள் வீட்டிற் கற்ற கொடையின் விரிவேயாம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாயின், செருக்குடையாரைச் சார்ந்த பிள்ளையவர்கள் செருக்குறாதது எங்ஙனம் எனின், அவர்கள் சார்ந்தது பரதேசியாரை அன்று; தமிழையே என்க. தமிழைச் சார்ந்தார் அதன் இனிமையைத் தம் இயல்பாக்கினார். அவரைச் சார்ந்தாரும் அவ்வண்ணமே ஆயினர். வருந்திக் கற்ற நம்மனோர் ஒவ்வொருவரும், நம் வருத்தம் நம்முட் கசப்பாயிற்றோ, அருளாயிற்றோ என்று நெஞ்சினை ஒருகால் வினவுதல் வேண்டும். நம்மிடங் கற்க வருஞ் சிறுவன் எவ்வளவு அச்சத்துடன் வாயிலில் நிற்கின்றான் என்பதே அவ்வினாவிற்கு விடை கூறும்.