கடன் தீர்க்க உலகம் சுற்றிய கதைசொல்லி

மார்க் ட்வைன் என்றால் டாம் சாயர் கதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் ஒரு மெஷினை நம்பி எல்லாவற்றையும் தொலைத்து, 59 வயதில் ஊர் ஊராக மேடை ஏறிப் பேசிக் கடன் அடைத்தவர் அவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டிப்ளமோ படிக்கிற நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

இயற்பெயர் சாமுவேல் கிளமென்ஸ். 1835 நவம்பர் 30-ல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். பதினொரு வயதில் அப்பா போய்விட்டார். கொஞ்ச நாளிலேயே அச்சாபீசில் அச்சுக் கோர்க்கிற வேலை பழகப் போனார். பிறகு மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டினார். மார்க் ட்வைன் என்ற புனைபெயரே அந்த ஆற்றுக்காரர்கள் பேச்சுதான். தண்ணீர் 12 அடி ஆழம் இருக்கிறது, கப்பல் தரை தட்டாது என்று அர்த்தம். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்ததும் அந்தத் தொழிலும் நின்றது. மேற்கே போய்ப் பத்திரிகைக்காரர் ஆனார்.

மேடைக்கு வந்தது 1866-ல். ஹவாய் தீவுகளுக்குப் போய்வந்த அனுபவத்தை சான் பிரான்சிஸ்கோவில் அக்டோபர் 2-ம் தேதி டிக்கெட் போட்டுப் பேசினார். விளம்பரத்திலேயே குறும்பு! கதவு ஏழு மணிக்குத் திறக்கும், தொல்லை எட்டு மணிக்கு ஆரம்பம் என்று அச்சடித்தார். ஆனால் உள்ளுக்குள் ஒரே நடுக்கம். யாரும் சிரிக்காவிட்டால் என்ன ஆவது? நண்பர்கள் சிலரைக் கூட்டத்தில் உட்கார வைத்து, சிரிப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்தாராம். (நம்ம காலேஜ் டே-யில் நடக்காததா என்ன!) அதற்கெல்லாம் அவசியமே இருக்கவில்லை. கூட்டம் தானாகவே சிரித்தது. அடுத்து சுரங்க ஊர்கள் ஒவ்வொன்றிலும் பேச்சு.

அந்தக் காலத்து அமெரிக்காவில் சினிமா, ரேடியோ எதுவும் கிடையாது. குளிர்காலம் வந்தால் சின்னச் சின்ன ஊர்களில்கூட மன்றங்கள் பேச்சாளர்களைப் பணம் கொடுத்து வரவழைக்கும். ராத்திரிக்கு ஒரு ஊர். விடிந்தால் அடுத்த ரயில். குளிர்ந்து கிடக்கும் ஓட்டல் அறை. ட்வைனுக்கு இந்தப் பிழைப்பு பிடிக்கவே பிடிக்காது. இனி மேடையே வேண்டாம் என்று முடிவு செய்வார், பணமுடை வந்ததும் மறுபடி பெட்டியைத் தூக்குவார்.

ஆனால் மேடையில் ஏறிவிட்டால் அவரை மிஞ்ச ஆளில்லை. கையில் தாள் இருக்காது. இழுத்து இழுத்து, அப்போதுதான் ஞாபகம் வந்தது போலப் பேசுவார். எல்லாம் நடிப்பு! முழுவதும் மனப்பாடம். முகத்தில் மட்டும் சிரிப்பே வராது. சின்ன வயதில் ஒரு தர்பூசணி திருடினாராம். உடைத்துப் பார்த்தால் காய். உடனே மனசாட்சி உறுத்தி, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, காய்ப் பழம் விற்கலாமா என்று கடைக்காரருக்கே புத்தி சொல்லி வேறு பழம் வாங்கி வந்தாராம். இதை ஏதோ நீதிபோதனை போலச் சொல்வார். எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும், எத்தனை நொடி சும்மா நிற்க வேண்டும் என்பதுதான் அவர் தொழில் ரகசியம். புத்தகத்தில் எழுதியதை அப்படியே வாசித்தால் மேடையில் செத்துப்போகும், அதைப் பேச்சாக மாற்ற வேண்டும் என்பதும் அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

இனிதான் மெஷின் கதை. ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் அச்சுக் கோர்க்கும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். எழுத்துகளை எடுத்து அடுக்கும், வரியைச் சமமாக நிரப்பும், அச்சானபின் எழுத்துகளைப் பிரித்து அதனதன் இடத்தில் போடும். ஒரே ஆள் போதும். கையால் அச்சுக் கோர்த்த மனிதர் மயங்காமல் இருப்பாரா? 1880-ல் பணம் போட ஆரம்பித்தவர், மனைவி ஒலிவியாவின் சொத்தையும் சேர்த்துக் கொட்டினார். மெஷினில் 18,000 பாகங்கள்! ஓடினால் அற்புதமாக ஓடும், ஆனால் ஓடாது. பெய்ஜும் விடாமல் பிரித்துப் பிரித்துத் திருத்திக்கொண்டே இருந்தார். அதற்குள் 1886-ல் மெர்கெந்தாலரின் லினோடைப் வந்துவிட்டது. அது எழுத்து எழுத்தாக அடுக்கவில்லை. ஈயக் கலவையை உருக்கி முழு வரியையே வார்த்துத் தள்ளியது. சுலபமான வழி ஜெயித்தது. 1894-ல் சிகாகோ பத்திரிகை ஒன்றில் சோதித்தபோது பெய்ஜ் மெஷின் அடிக்கடி மக்கர் செய்தது. அத்துடன் அதன் கதை முடிந்தது.

அதே 1894-ல் அவருடைய பதிப்பகமும் திவால். சட்டப்படி ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஒலிவியா சம்மதிக்கவில்லை. அவரும் டாலருக்கு முழு நூறு சென்ட் கொடுப்பது என்று முடிவெடுத்தார். எங்கள் வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் ஃபீசுக்கு வாங்கிய கடனுக்கு அப்பா மாதாமாதம் வட்டியை எண்ணி வைப்பதைப் பார்க்கிறேன். அதனால் இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

1895 ஜூலையில் கிளீவ்லாந்து நகரில் பயணம் தொடங்கியது. கட்டி வந்து உட்கார முடியாத வேதனை, ஆனாலும் ஒன்றரை மணி நேரப் பேச்சு. மனைவியும் மகள் கிளாராவும் கூட வந்தார்கள். மூத்த மகள் சூசியும் கடைக்குட்டி ஜீனும் அமெரிக்காவிலேயே தங்கினார்கள். கப்பல் ஹவாயை அடைந்தபோது அங்கே காலரா, கரை இறங்கத் தடை. எந்தத் தீவைப் பற்றிப் பேசி மேடைக்கு வந்தாரோ, அதைக் கப்பலில் நின்றே பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அங்கேதான் 60 வயது நிறைந்தது.

1896 ஜனவரியில் பம்பாய் வந்தார். இருமலில் படுத்து எழுந்து மேடை ஏறினார். காசி, கல்கத்தா, லாகூர் என்று ரயிலிலேயே வாழ்க்கை. டார்ஜிலிங்கிலிருந்து இறங்கும்போது மட்டும் எஞ்சின் இல்லாத தள்ளுவண்டியில், பிரேக்கை மட்டும் நம்பி, 35 மைல் தண்டவாளத்தில் சரிந்து வந்தார். வாழ்நாளிலேயே சந்தோஷமான நாள் என்று அதைத்தான் எழுதி வைத்தார். திரும்பும் வழியில் கப்பல் ஒரு நாள் நம் சென்னையிலும் நின்றது. பின்பு இலங்கை, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா. ஜூலை கடைசியில் இங்கிலாந்து. நூறு மேடைக்கு மேல் ஆகியிருந்தது.

சூசியும் ஜீனும் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சூசிக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. தாயும் கிளாராவும் உடனே கப்பல் ஏறினார்கள். ட்வைன் தனியாக இங்கிலாந்தில் இருந்தார். அவர்கள் நடுக்கடலில் இருக்கும்போதே, ஆகஸ்ட் 18-ல், ஹார்ட்ஃபோர்ட் நகரில் அவர்களுடைய சொந்த வீட்டில், மூளைக்காய்ச்சலில் சூசி இறந்துபோனாள். வயது 24. தந்தைக்குத் தந்திதான் வந்தது.

அந்தத் துக்கத்தோடு லண்டனில் உட்கார்ந்துதான், ஊரெல்லாம் சிரித்த அந்தப் பயண நூலை எழுதினார். 1897-ல் வெளியானது. 1898 தொடக்கத்தில் கடன் முழுவதும் தீர்ந்தது, ஒரு சென்ட்கூட பாக்கி இல்லை. ஹார்ட்ஃபோர்ட் வீட்டில் அந்தக் குடும்பம் அப்புறம் குடியிருக்கவே இல்லை. 1903-ல் விற்றுவிட்டார்கள். 1904-ல் ஒலிவியா போனார், 1909-ல் ஜீன். 1910 ஏப்ரல் 21-ல் ட்வைனும் காலமானார்.

அந்த வீடு இப்போது மியூசியம். பெய்ஜ் இயந்திரத்தில் மிச்சமிருக்கும் ஒன்றும் அங்கேதான் நிற்கிறது.