காலணிக்குள் ஒளித்த காசு



பள்ளிக்கூடத்தில் தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையைப் பார்த்து, "இவன் உருப்படவே மாட்டான்" என்று பெரியவர்கள் சில சமயம் முடிவு கட்டிவிடுவது உண்டு. அப்படி முடிவு கட்டப்பட்ட ஒரு பையனின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். அவர் பெயர் ஜார்ஜ் முல்லர்.

அன்றைய பிரஷ்யாவில், இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ஓர் ஊரில், 1805-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி ஜார்ஜ் பிறந்தார். அப்பா அரசாங்க வரி வசூலிப்பவர். வசூலான பணம் வீட்டில் இருக்கும். பத்து வயது ஆவதற்கு முன்பே அந்தப் பணத்தில் கை வைக்கப் பழகிவிட்டான் சிறுவன் ஜார்ஜ். கணக்கு குறைகிறதே என்று அப்பாவுக்குச் சந்தேகம். ஒரு நாள் பணத்தைச் சரியாக எண்ணி, ஜார்ஜ் இருந்த அறையில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து எண்ணினால் குறைகிறது! பையனைச் சோதனை போட்டார். சட்டையில் இல்லை, பையில் இல்லை. கடைசியில் காலணியைக் கழற்றச் சொன்னார். பாதத்துக்கு அடியில் காசு!

அடி வாங்கினான். ஆனால் திருந்தவில்லை. அடுத்த முறை மாட்டிக்கொள்ளாமல் திருடுவது எப்படி என்றுதான் யோசித்தான். கைச்செலவுக்குத் தந்த காசுக்கு அப்பா கணக்குக் கேட்டால், பொய்க்கணக்கு எழுதிக் காட்டினான். 16 வயதில், விடுதியில் சொகுசாகத் தங்கிவிட்டுப் பணம் கொடுக்க முடியாமல் சிறைக்கும் போனான். அப்பா பணம் அனுப்பிய பிறகுதான் விடுதலை.

பிறகு போதகராவதற்காக ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் நூல்களை அச்சிட்டாரே சீகன்பால்கு, அவரும் இதே ஹாலேயில் படித்தவர்தான். போதகர் படிப்பு படித்தாலும் ஜார்ஜின் குணம் மாறவில்லை. 1825-ஆம் ஆண்டு, ஒரு நண்பர் அவரை ஒரு வீட்டில் நடந்த சிறிய ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒருவர் முழங்காலில் நின்று கடவுளிடம் பேசினார். யாரும் அப்படி முழங்காலிட்டு ஜெபித்ததை ஜார்ஜ் அதுவரை பார்த்ததே இல்லை. அன்று இரவு அவர் மனதில் இனம் தெரியாத மகிழ்ச்சி. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பழக்கங்கள் விலகின. 20 வயதில் புது மனிதரானார்.

1829-இல் இங்கிலாந்துக்குப் போனார். அடுத்த ஆண்டு மேரி என்ற பெண்ணை மணந்தார். அவர் ஊழியம் செய்த சபையில், உட்காரும் இருக்கைகளுக்கு வாடகை வாங்கி, அதிலிருந்துதான் போதகருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பணக்காரருக்கு நல்ல இருக்கை, ஏழைக்கு மோசமான இருக்கை! ஜார்ஜுக்கு இது பிடிக்கவில்லை. சம்பளமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விரும்பியவர்கள் போடட்டும் என்று ஒரு பெட்டி மட்டும் வைக்கப்பட்டது. அன்று முதல் தன் தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்று கணவனும் மனைவியும் தீர்மானித்தார்கள்.

1832-இல் பிரிஸ்டல் நகரத்தில் குடியேறினார்கள். அங்கே தாயும் தந்தையும் இல்லாத குழந்தைகள் எத்தனையோ பேர். அவர்களுக்காக ஒரு இல்லம் தொடங்க முல்லர் விரும்பினார். வீடு வேண்டும், பணம் வேண்டும், வேலையாட்கள் வேண்டும், பாத்திரம், துணி எல்லாம் வேண்டும் என்று ஜெபித்தார். எல்லாம் வந்து சேர்ந்தன. 1836 பிப்ரவரியில், குழந்தைகளைச் சேர்க்க விண்ணப்பம் வாங்கும் நாளும் வந்தது. காத்திருந்தார், காத்திருந்தார்... ஒருவர்கூட வரவில்லை!

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாவற்றுக்கும் ஜெபித்தவர், குழந்தைகள் வரவேண்டும் என்று மட்டும் ஜெபிக்கவே இல்லை! அன்றிரவு அதற்காக ஜெபித்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரலில் வில்சன் தெருவில், 30 சிறுமிகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது.

அந்த இல்லத்துக்கு இரண்டு கண்டிப்பான விதிகள் உண்டு. ஒன்று, யாரிடமும் பணம் கேட்கக் கூடாது. இரண்டு, கடன் வாங்கவே கூடாது. 1838-இல் கையில் ஒரு காசுகூட மிச்சமில்லாத நாள்கள் வந்தன. அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். தவிர்க்கக்கூடிய பொருள்களை விற்றார்கள். கடையில் கடன் மட்டும் சொல்லவில்லை. 1841-இன் இறுதியில் ஆண்டறிக்கை வெளியிட வேண்டிய நேரத்தில், கையில் பணம் மிகக் குறைவு. அறிக்கையைப் படிப்பவர்கள் அதை மறைமுகமாகக் கேட்பதாக நினைத்துவிடக் கூடாதே என்று, அறிக்கையையே சில மாதங்கள் தள்ளிப்போட்டார் முல்லர்!

1845-இல் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகள் போடும் சத்தம் தாங்க முடியவில்லை என்று புகார்! முல்லர் கோபப்படவில்லை. அவர் சொல்வதும் நியாயம்தானே என்று எண்ணினார். பிள்ளைகள் ஓடி விளையாட நகருக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்ற மேட்டில் நிலம் வாங்கினார். 1849-இல் 300 பிள்ளைகளுக்கான பெரிய இல்லம் எழுந்தது. 1870-க்குள் அங்கே ஐந்து இல்லங்கள். 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடம்!

1857 நவம்பர் கடைசியில் ஒரு சோதனை. முதல் இல்லத்தைச் சூடாக்கும் கொதிகலனில் கசிவு. நெருப்பை அணைத்தால்தான் பழுது பார்க்க முடியும். ஆள்கள் வரும் நாளும் குறித்தாயிற்று. அதற்குள் எலும்பை நடுங்கவைக்கும் வாடைக்காற்று வீசத் தொடங்கியது. 300 பிள்ளைகள் குளிரில் என்ன ஆவார்கள்? வடக்குக் காற்று தெற்குக் காற்றாக மாறவேண்டும், வேலையாட்களுக்கு வேலையில் மனம் வரவேண்டும் என்று இரண்டே விஷயங்களுக்காக முல்லர் ஜெபித்தார். முதல் நாள் மாலை வரை வாடைதான். குறித்த நாளில் காற்று தெற்கிலிருந்து வீசியது! நெருப்பே தேவைப்படாத அளவுக்கு இதமான காற்று. வேலையாட்களும் இரவு முழுவதும் வேலை செய்கிறோம் என்று தாங்களாகவே முன்வந்தார்கள். சுமார் 30 மணி நேரத்தில் கொதிகலனில் மறுபடி நெருப்பு எரிந்தது.

ஜெபித்துவிட்டு முல்லர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆட்களுக்கு ஏற்பாடு செய்தார், நாள் குறித்தார். தன்னால் செய்யக்கூடியதைச் செய்தார். தன்னால் முடியாத காற்றை மட்டும் கடவுளிடம் விட்டார்.

70-ஆவது வயதில் உலகப் பயணம் கிளம்பினார். 17 ஆண்டுகளில் நம் இந்தியா உள்பட 42 நாடுகளில் பிரசங்கம் செய்தார். 1898 மார்ச் 10-ஆம் தேதி, 92-ஆவது வயதில் பிரிஸ்டலில் காலமானார். முந்தைய நாள் மாலைகூட ஜெபக்கூட்டம் நடத்தியிருந்தார்.

அவர் காலத்தில் அந்த இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் 10,024 பேர். அவர் கை வழியாகச் சென்ற நன்கொடை ஏறக்குறைய 15 லட்சம் பவுன். ஒவ்வொரு சிறு தொகைக்கும் அவர் கணக்கு எழுதி வெளியிட்டார். ஒரு காரியத்துக்குத் தந்த காசை இன்னொன்றுக்குச் செலவிட்டதில்லை. அவர் தனக்கென்று விட்டுச்சென்ற சொத்து சுமார் 160 பவுன் மட்டுமே!

பொய்க்கணக்கு எழுதிய அதே கைதான் குழந்தைகளே, இத்தனை ஆண்டு உண்மைக் கணக்கு எழுதியது. நம்பிக்கை என்பது கோயிலிலோ சர்ச்சிலோ மட்டும் காட்டுவது அல்ல. கடைக்குப் போய்வந்து மீதிச் சில்லறையை அம்மாவிடம் சரியாகக் கொடுப்பதிலும் அது இருக்கிறது. நேற்று ஒரு தப்பு செய்துவிட்டீர்களா? காலணியைக் கழற்றி, ஒளித்து வைத்ததை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். இன்று முதல் புதுக் கணக்கைத் தொடங்கலாம்!