மூன்று முறை மீண்டவர்

சென்ற ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ஓட்டோகிறொஸ் பந்தயமொன்றில் நான் மீண்டும் கலந்துகொண்டேன். பந்தயமென்றாற் பெரிதாக ஒன்றுமில்லை. செம்மண் மைதானமொன்றிலே வளைந்து வளைந்து செல்லும் பாதையைக் கொடிகளால் அடையாளமிட்டிருப்பார்கள். ஊதியம் கருதாத எம்போன்ற பொழுதுபோக்குச் சாரதிகள் ஒருவர்பின் ஒருவராகக் காரோட்டிக் கடிகாரத்தோடு போட்டியிடுவார்கள். வாலிபத்திலே அந்தப் புழுதி எனக்கு இனித்தது. ஒருநாள் கார் புரண்டு விலா எலும்புகள் இரண்டு முறிந்தன. இனிப் போவதில்லையென்று மனைவிக்கு வாக்களித்தேன். பிள்ளைகள் வளர்ந்து, அவளே அவ்வாக்கிலிருந்து என்னை விடுவித்த பின்னர்தான் திரும்பவும் சென்றேன். இரண்டாம் வளைவை அடையுமுன்னரே என் வலக்கால் என்னைக் கேளாமற் பிறேக்கை மிதித்துவிட்டது. அன்று எனக்குக் கிடைத்தது கடைசி இடம்.

வீடு திரும்பும் வழியில், வெட்கத்தினும் பார்க்க ஒரு கேள்வியே என்னை வருத்தியது. விட்டுப்போன ஒன்றுக்கு மீள்பவன் எதை நாடி மீள்கிறான்? அப்பொழுது என் நினைவுக்கு வந்தவர் றூடோல்ப் கரச்சியோலா என்னும் ஜேர்மானியச் சாரதி. அவரின் வாழ்க்கையை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கரச்சியோலா 1901ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, றைன் நதிக்கரையிலுள்ள றெமாகன் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பத்தவர் ஹொட்டேல் நடத்துவோர். அவருக்கோ மோட்டாரின்மேற் பித்து. திறெஸ்டன் நகரிலே கார் விற்பனையாளராக வேலை பார்த்துக்கொண்டே மலையேற்றப் போட்டிகளிலும் சிறு பந்தயங்களிலும் ஓட்டிப் பழகினார்.

1926இல் ஜேர்மனியின் முதலாவது கிறான்ட் பிறீ பந்தயம் பேர்லினிலுள்ள ஆவுஸ் வீதியில் நடந்தது. மெர்சிடிஸ் நிறுவனம் அவருக்கு ஒரு காரை உதவியது. ஆனால் அவர் தனியாளாகவே போட்டியிட்டார். தொடக்கத்திலேயே எஞ்சின் நின்றுபோயிற்று. உடனிருந்த இயந்திரவியலாளர் இறங்கித் தள்ளி அதனை இயக்க, ஒரு நிமிடத்துக்கு மேல் வீணாயிற்று. பின்னர் பெருமழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் தயங்கினார்கள், சிலர் வழுக்கி விழுந்தார்கள், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இருபத்தைந்து வயது இளைஞரான கரச்சியோலாவோ நிதானமாக ஓட்டி முடித்தார். தாம் வென்றுவிட்டதை இறுதிக்கோட்டைக் கடந்த பின்னரே அறிந்தார். மழையின் தலைவன் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. பரிசுப் பணத்தைக்கொண்டு பேர்லினில் ஒரு கார் விற்பனை நிலையம் திறந்தார். 1931இல் ஏறக்குறைய ஆயிரம் மைல் நீளமான இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தையும் வென்றார். அதை வென்ற முதல் அந்நியர் அவரே.

இவ்வளவும் ஏறுமுகம். இறங்குமுகம் 1933 ஏப்பிரலில், மொனாக்கோவில் வந்தது. நண்பர் லூயி ஷிரோனுடன் கூட்டாகப் பந்தயக் குழுவொன்றை அமைத்து, அல்பா றோமியோ காரிலே பயிற்சி ஓட்டம் ஓடினார். வளைவொன்றிற் பிறேக் கைவிட்டது. கார் கற்சுவரில் மோதியது. வலத் தொடையெலும்பு பல துண்டுகளாயிற்று. மாதக் கணக்காகச் சாந்துக்கட்டிற் கிடந்து எழுந்தபோது, வலக்கால் மற்றையதிலும் இரண்டு அங்குலம் வரையிற் குறுகியிருந்தது. இந்நிலையில் அவரைத் தாங்கி நின்றவர் மனைவி சார்லொட். 1934 பெப்ரவரியிலே பனிச்சறுக்குக்குச் சென்ற அந்த அம்மையார், பனிச்சரிவிற் சிக்கி மாண்டார். காலும் போயிற்று, துணையும் போயிற்று. கரச்சியோலா வீட்டிற்குள் முடங்கினார்.

மீட்டவர் ஷிரோனே. அவ்வாண்டின் மொனாக்கோப் பந்தயம் தொடங்குமுன், மரியாதைச் சுற்று ஒன்று மட்டும் ஓட்டுமாறு நண்பரை வற்புறுத்தி அழைத்தார். எலும்பு நொறுங்கிய அதே வீதியிலே, போட்டியாளர் எவருமின்றி, ஒரேயொரு சுற்று. கால் வலித்தது, ஆயினும் காரை விட்டிறங்கியபோது, இனி வாழ்வதானால் இதிலேதான் என்று அவர் துணிந்துவிட்டிருந்தார்.

அவர் திரும்பிய உலகம் அவர் விட்டுப்போன உலகமன்று. பந்தயக் காரின் எடை 750 கிலோகிறாமுக்கு மேற்படலாகாது என்ற புதிய விதி 1934இல் நடைமுறைக்கு வந்திருந்தது. அவருக்குப் பழக்கமான பருத்த கார்கள் மறைந்து, இலகுவும் பெருவேகமும் உடைய புதிய கார்கள் வந்துவிட்டன. காலும் புதிது, காரும் புதிது. மெர்சிடிஸ் குழுவின் தலைவர் அல்பிரட் நொய்பவர் அவரை முதலிற் சோதித்துப் பார்த்த பின்னரே முழுமனத்துடன் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு செப்தெம்பரில் மொன்ஸாவில் நடந்த இத்தாலியப் பந்தயத்திலே வலி பொறுக்கமாட்டாமல் இடைநடுவில் இறங்கி, காரைத் தம் தோழர் பஜியோலியிடம் ஒப்படைத்தார். அந்தக் கார் வென்றது. வெற்றி இருவர் பெயரிலும் பதிவாயிற்று. பெருஞ்சாரதியொருவன் இனி என்னால் இயலாதென்று இறங்குவதும் மீள்வதன் ஒரு பகுதியே என்பதை அன்று அவர் காட்டினார்.

பலன் மறுவருடமே கிடைத்தது. 1935இலும், பின்னர் 1937இலும் 1938இலும் அவர் ஐரோப்பியச் சம்பியனானார். இவற்றினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1936 ஏப்பிரலில் மொனாக்கோவில் நடந்த பந்தயம். அன்றும் மழை. ஒரு காரிலிருந்து ஒழுகிய எண்ணெயில் வழுக்கி, ஆரம்பத்திலேயே பல கார்கள் ஒன்றோடொன்று மோதிக் குவிந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் தம்மை முடமாக்கிய வீதியிலே, குறுகிய காலோடு, கரச்சியோலா முதலாவதாக வந்தார்.

அக்கால வெற்றிகளுக்கு ஒரு கரிய நிழலும் உண்டு. ஜேர்மனியின் பந்தயக் கார்களுக்கு ஹிட்லரின் அரசு பணம் வழங்கியது. வெற்றிகளைத் தன் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1938 ஜனவரி 28ஆம் திகதி கரச்சியோலா பொது நெடுஞ்சாலையில் மணிக்கு 432 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டினார். அதை முறியடிக்க அன்றே முயன்ற இளஞ்சாரதி பேர்ன்ட் றோஸமையர் உயிரிழந்தார்.

போர் தொடங்கியதும் பந்தயங்கள் நின்றன. சுவிற்சர்லாந்தின் லுகானோவிலே இரண்டாம் மனைவியுடன் வாழ்ந்த அவர், 1946இல், நாற்பத்தைந்து வயதில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸுக்குச் சென்றார். பயிற்சியின்போது ஏதோவொன்று, பறவையாக இருக்கலாம், தலையிலே தாக்கியது. காரிலிருந்து வீசப்பட்டு நாட்கணக்காக உணர்விழந்து கிடந்தார். தலைக்கவசமே உயிரைக் காத்தது. இந்த இரண்டாம் மீட்சி பந்தயத்தைக் காணாமலே முடிந்தது.

ஆறாண்டுகளின் பின் மூன்றாம் மீட்சி. 1952இல், ஐம்பத்தொரு வயதில், மில்லே மிலியாவில் ஓடி நான்காவதாக வந்தார். அதே மே மாதத்திலே, சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரிற் காரின் பிறேக் இறுகி, மரமொன்றில் மோதினார். இம்முறை இடக்கால் முறிந்தது. அதன்பின் அவர் பந்தயத்திற்குத் திரும்பவில்லை. 1959 செப்தெம்பர் 28ஆம் திகதி, ஐம்பத்தெட்டாம் வயதிற் காலமானார்.

இந்த வரலாறு முதியோரையெல்லாம் களத்திற்கு அழைக்கும் வீரகாவியமன்று. மூன்று மீட்சிகளில் ஒன்று புகழ் தந்தது. மற்றை இரண்டும் உடலைப் பறித்தன. ஆயினும் என் கேள்விக்கு ஒரு விடை இதில் உண்டு. 1934இல் அவர் தேடிச்சென்றது இழந்த காலையன்று. இருக்கும் காலால் எவ்வளவு இயலும் என்பதையே. நானோ அன்று அந்தச் செம்மண் மைதானத்திலே இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்திய என்னையே தேடினேன். அவன் அங்கே இல்லை.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறேன். இரண்டாம் வளைவிற் கால் பிறேக்கை மிதிக்குமானால், மிதிக்கட்டும். அது இப்பொழுதுள்ள என் கால்.